மூக்கில் ஒரு சொட்டு

“என்ன வாடை இது? மல்லியும் இல்ல, மருக்கொழுந்தும் இல்ல. வூட்டுல யாரு புதுசா வந்திருக்கா?”

கேட்டுக்கொண்டேதான் பஞ்சவர்ணம் உள்ளே வந்தாள். ஏலாக்குறிச்சி அமிர்தசாமி வாத்தியார் வீட்டுக் கூடத்தில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். வாத்தியாரின் மனைவி லீலா மேரி காப்பித் தம்ளரோடு நின்றாள். திருச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் மகள் ஷாலினி, ஓரமாக நாற்காலியில் இருந்தாள். நடுவில் அமல்தாஸ் சார். ஐந்து வருஷம் ஷாலினிக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்தவர். இப்போது டியூஷனை விட்டுவிட்டு, ‘நறுமலர்’ என்ற கம்பெனிக்கு ஏஜென்ட் ஆகி, கறுப்பு ரெக்ஸின் பையோடு ஊர் ஊராகப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்.

“வாங்க, உக்காருங்க” என்றார் அமல்தாஸ். “இது லாவெண்டருங்க. வெளிநாட்டுப் பூ. அதோட எண்ணெய்.”

“பூவுல ஏது சார் எண்ணெய்? எள்ளுல வரும், ஆமணக்குல வரும்.”

“ஆவியில வேக வச்சு எறக்குறதுங்க. ஒரு மூட்டை பூவுக்கு ஒரு சங்கு எண்ணெய் வந்தாப் பெருசு.”

“சாராயம் காச்சுற மாதிரியா?”

லீலா மேரி சிரித்துவிட்டாள். சாருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “தலைவலி, தூக்கமின்மை, பூச்சிக்கடி, சூட்டுக்காயம், எல்லாத்துக்கும் இந்த ஒரு பாட்டில் போதும். சைடு எஃபெக்டே கெடையாது. பூதானேங்க!” என்றார்.

“சளிக்குக் கேக்குமா? திருமானூர் வைரக்கண்ணு வூட்டுல பேத்தி பொறந்திருக்கு. இருவது நாளாச்சு. மூக்கடைச்சுக்கிட்டுப் பால் குடிக்க முடியாமத் திணறுது. புள்ளையக் குளிப்பாட்டி நாந்தான் தண்ணி ஊத்துறேன்.”

“தண்ணி ஊத்தினதும் மூக்குல எண்ணெய் விடுவீங்கள்ல?”

“விடாம? மூக்குல, காதுல, தொப்புள்ல. சொட்டுச் சொட்டா.”

“அதுக்குப் பதிலா இதை விடுங்க. ஒரு சொட்டு போதும். சளி தண்ணியா ஓடிரும்.”

பஞ்சவர்ணம் அந்தப் பழுப்புநிறப் பாட்டிலை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஷாலினியிடம் நீட்டினாள். “பாப்பா, இதுல என்ன எழுதியிருக்கான்? படி, கேப்போம்.”

எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பெரிய எழுத்தை ஷாலினி சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னாள். லாவெண்டர் எண்ணெய். நூறு சதவீதம் சுத்தமானது. பாட்டிலைத் திருப்பினாள். பின்பக்கம் கடுகைவிடச் சிறிய எழுத்தில் நாலு வரி இருந்தது. ‘வெளிப்பூச்சுக்கு மட்டும். வேறு எண்ணெயில் கலக்காமல் பயன்படுத்தக் கூடாது. கண், மூக்கு, காதுக்குள் விடக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.’ நாலு வரியையும் அவள் கண் படித்து முடித்துவிட்டது. “சார், இதுல…” என்று தொடங்கினாள்.

“அது சட்டத்துக்காகக் கம்பெனிக்காரன் போடுறதும்மா. சிகரெட் அட்டையிலயுந்தான் போட்டிருக்கான், யாரு நிறுத்துறா? பெரிய எழுத்தைப் படிச்சீல்ல, அதான் விஷயம்.”

இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தைத் தப்பில்லாமல் எழுத அவளுக்குச் சொல்லித்தந்த வாய் அது. ஷாலினி பாட்டிலை முன்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

“என்ன பாப்பா, வேற ஒண்ணும் போடலியே?”

“சுத்தமான எண்ணெய்னு போட்டிருக்கு அத்தை” என்றாள்.

பஞ்சவர்ணம் பாட்டிலை இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். இது நடந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், நவம்பர் கடைசியில்.

பஞ்சவர்ணத்துக்கு அப்போது நாற்பத்தேழு வயது இருக்கும். கொள்ளிடக்கரை ஊர்களில் பிறந்த பிள்ளைகளுக்குத் தண்ணி ஊத்துவது அவள் வேலை. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கணுக்காலுக்கு நடுவே பிள்ளையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் நீவி, பயத்தமாவு தேய்த்து, சூடு பார்த்து ஊற்றுவாள். அவள் கையில் எந்தப் பிள்ளையும் கால் நாழிகைக்கு மேல் அழுததில்லை. ஷாலினியையும் அந்தக் காலில் போட்டு ஊற்றியவள்தான். காலையில் ஐந்து வீடு, அறுவடைக் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் வயல் வேலை. புருஷன் பெரியசாமி திருப்பூருக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அவனைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஆனால் எதையும் மறப்பவளும் இல்லை.

கொழுந்தன் நடராசன் கதையை அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். அண்ணன் ஊரைவிட்டுப் போன மறுமாதமே, பொதுவில் இருந்த கிணற்றைச் சுற்றி நடராசன் முள்வேலி போட்டு, “உனக்கு இங்க என்ன பாத்தியதை?” என்று கேட்டுவிட்டான். பஞ்சவர்ணம் சண்டைக்குப் போகவில்லை. நாலு வருஷம் அரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தாள். காதில் கிடந்த தோட்டை விற்று வாசலில் ஓர் அடிபம்பு போட்டாள். தொண்ணூற்றைந்தில் மழை பொய்த்து நடராசன் கிணறு வறண்டு கிடந்தபோது, அவன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தண்ணீர் கேட்டு ஆள் அனுப்பினான். “ஆள் வேணாம், அவனை வரச் சொல்லு” என்றாள். வந்தான். “குடத்துக்கு ஒரு தடவை ‘அண்ணி, தண்ணி குடுங்க’ன்னு கேளு. தர்றேன்.” பந்தலுக்கு வந்திருந்த சம்பந்திகளும் சமையல்காரர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, நடராசன் அறுபத்திரண்டு தடவை கேட்டான். நடுவில் ஒரு தடவை முணுமுணுத்தான் என்று, அந்தக் குடத்தைக் கீழே கொட்டிவிட்டு மறுபடி கேட்கச் சொன்னாள். கடைசிக் குடம் நிறைந்ததும் கல்யாண வீட்டுக்குப் போய் மணப்பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் திரும்பினாள்.

அவள் பழி வாங்கும் விதம் அதுதான். பிறர் கையை முறிக்க மாட்டாள். வாயால் சொல்ல வைப்பாள்.

பாட்டில் வாங்கிய மூன்றாம் நாள் காலை, வைரக்கண்ணு வீட்டுக் கொல்லையில், பிறந்து இருபத்து மூன்று நாளான பெண்குழந்தைக்குத் தண்ணி ஊற்றித் துவட்டி, சாம்பிராணி காட்டுமுன், தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, சுருக்குப்பையைத் திறந்தாள். வலது மூக்கில் ஒரு சொட்டு. இடது மூக்கில் விடுவதற்கு வேளை வரவில்லை. பிள்ளை ஒருமுறை இழுத்தது. அப்புறம் மூச்சு வெளியே வரவில்லை. வாய் திறந்தபடி இருக்க, உதடு நாவல்பழ நிறமாகிவிட்டது. பெற்றவள் சிவரஞ்சனி ஓடிவந்து அலறினாள். பஞ்சவர்ணம் பிள்ளையைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள், வாயால் மூக்கை உறிஞ்சித் துப்பினாள். எப்படியோ ஒரு முனகல் வந்தது. கார் பிடித்துத் தஞ்சாவூர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்தது பிள்ளை.

“மூக்குல விட்ட எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிருக்கு. இது யாரு சொல்லி விட்டது?” என்று டாக்டர் கேட்டிருக்கிறார். வைரக்கண்ணுவின் மருமகன் நேரே அமல்தாஸிடம் போய்க் கேட்டான். அமல்தாஸ் கூசவில்லை.

“நான் மோந்து பாக்கத்தான் சொன்னேன் தம்பி. மூக்குக்குள்ள ஊத்துன்னு சொல்லுவனா? படிக்காத பொம்பளை, அதுவா ஊத்திருச்சு. பாட்டில்லயே தெளிவாப் போட்டிருக்கே!”

ஆஸ்பத்திரி வாசலில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணத்திடம் வைரக்கண்ணு வந்து நின்றாள். “எங்க வூட்டுப் பக்கம் உன் நெழலு படக் கூடாது. எம்பேத்தியக் கொல்லப் பாத்தவ நீ.” அதற்குப் பிறகு பஞ்சவர்ணத்தை யாரும் கூப்பிடவில்லை. ஐந்து வீடும் ஒரே வாரத்தில் நின்றது. ஒரு வீட்டில், அவள் வாசலுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஷாலினி வந்திருந்தபோது பஞ்சவர்ணம் வந்தாள். பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

“இப்ப படி. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே, அதைப் படி.”

ஷாலினி படித்தாள். நாலு வரியையும் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். பஞ்சவர்ணம் கண்ணை மூடிக் கேட்டாள். “மூக்கு, காதுக்குள் விடக் கூடாது” என்றதும், “திரும்பச் சொல்லு” என்றாள். ஷாலினி திரும்பச் சொன்னாள்.

“அன்னிக்கும் இது இருந்துச்சா?”

“எழுத்து ரொம்பப் பொடிசு அத்தை.”

அந்தப் பதில் பொய்யில்லை. கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. பஞ்சவர்ணம் அதைக் கவனித்தாளா என்று ஷாலினிக்குத் தெரியவில்லை. அவள் வேறொன்றில் மூழ்கியிருந்தாள்.

“ஊத்துனது எங்கை. அதை நான் இல்லேங்கல. ஊத்தச் சொன்னது அவன் வாய். அந்த வாய் வைரக்கண்ணு வூட்டு வாசல்ல நின்னு, ‘நாந்தான் சொன்னேன்’னு சொல்லணும்.”

“போலீஸ்ல ஒரு மனு எழுதித் தர்றேன்” என்றார் அமிர்தசாமி வாத்தியார்.

“எழுத்து வேணாம் சார். எழுத்தை நம்பித்தானே இப்படி நிக்கிறேன்? எனக்கு வாய்தான் வேணும்.”

மனுவுக்குப் பதிலாக ஷாலினி ஒன்று செய்தாள். பாட்டிலில் இருந்த நாலு வரியையும் கால் தாளில் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினாள். விடுமுறை முடிந்து போனதும் கல்லூரி நூலகத்தில் தேடி, வேதியியல் மேடத்திடம் கேட்டு, இன்னும் சில வரி சேர்த்தாள். பெரியவர்கள் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் இரண்டு சொட்டுக் கலந்து பிடரியில் தேய்க்கலாம். தூக்கத்துக்குத் தலையணை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளலாம். முதலில் முழங்கையில் தடவி ஒருநாள் பார்க்க வேண்டும், சிவந்தால் தொடக் கூடாது. குடிக்கவே கூடாது. கைக்குழந்தை பக்கம் கொண்டுபோகக் கூடாது. இருநூறு பிரதி எடுத்துப் பஞ்சவர்ணத்துக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். பழி வாங்கும் காரியத்தில் அவள் பஞ்சவர்ணத்தைவிட அவசரப்பட்டாள். அமல்தாஸ் சார் ஊர் மெச்ச நிற்பது கெட்டுப்போக வேண்டும் என்று இரவும் பகலும் நினைத்தாள். அவர் ஒருவர் மட்டுமே குற்றவாளி என்று வீட்டில் எல்லாரும் பேசப் பேச, அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அமல்தாஸின் வழித்தடம் தெரிந்ததுதான். திங்கள் திருமானூர். செவ்வாய், புதன் அரியலூர். வியாழன் வரதராஜன்பேட்டை. வெள்ளி பெரம்பலூர், அங்கிருந்து செட்டிகுளம், அரும்பாவூர். பொங்கல் கழிந்ததும் பஞ்சவர்ணம் வயல் வேலையை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டாள். மிச்ச நாளில் அவர் ஏறும் பஸ்ஸில் ஏறினாள். அவர் முன்னால் உட்கார்ந்தால் இவள் பின்னால். அவர் இறங்கினால் இவளும் இறங்குவாள்.

முதல் நாள் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. “என்னங்க, நீங்களும் ஏஜென்ட் ஆகப்போறீங்களா?”

“ஆமாங்க சார். உங்களுக்குத்தான்.”

அரியலூரில் ஒரு வீட்டில் அவர் பாட்டில்களை வரிசையாக எடுத்து வைத்துப் பேசி முடிக்கும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுப் பெண் பணம் எடுக்க எழுந்தபோது உள்ளே வந்தாள். சுருக்குப்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“சார், உங்க மூக்குல ஒரு சொட்டு விட்டுக்குங்க. நான் போயிடுறேன்.”

“என்னங்க இது?”

“பூதானே சார்! சைடு எஃபெக்டே இல்லியே. பெரிய மனுசன் மூக்கு, தாங்கும்.”

அமல்தாஸ் பையை மூடிக்கொண்டு எழுந்தார். பஞ்சவர்ணம் அந்தப் பெண்ணிடம் கால் தாளைக் கொடுத்து, “நீயே வாய்விட்டுப் படிச்சுப் பாரு தாயி. தலைவலிக்கு வேணும்னா வாங்கிக்க, நல்லாத்தான் இருக்கும். வூட்டுல கைப்புள்ளை இருந்தா அலமாரி மேல் தட்டுல வையி” என்றாள்.

எண்ணெய் கெட்டது என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. அதுதான் அமல்தாஸைக் கொன்றது. கெட்டது என்று சொல்லியிருந்தால் பொறாமைக்காரி என்று தள்ளியிருப்பார்கள். அவளோ எது எதற்கு ஆகும், எது எதற்கு ஆகாது என்று அவரைவிடத் தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். செட்டிகுளத்தில் மலைக்கோயிலுக்குப் போகும் வழியில் கேட்டாள். அரும்பாவூரில் ஒரு ரைஸ்மில் வாசலில் கேட்டாள். அவர் ஊர் மாறி இறங்கினால், மறுநாள் அந்த ஊரிலும் இறங்கினாள். எங்கே கேட்டாலும் குரலை உயர்த்த மாட்டாள். கும்பிடு போடும் குரலிலேயே கேட்பாள்.

பெரம்பலூர் பஸ் கண்டக்டர் இளையபெருமாள் இந்த வேடிக்கையைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டான். “சார், உங்க வூட்டம்மா பின்னாடி வந்துக்கிட்டு இருக்காங்க. டிக்கெட் ஒண்ணா, ரெண்டா?” என்று ஒருநாள் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அமல்தாஸ் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தார். பஞ்சவர்ணமும் இறங்கி நடந்தாள். பத்தடி தள்ளி, வெயிலில், இரண்டு மைல்.

“உங்களுக்கு என்னங்க வேணும்? சொல்லித் தொலைங்க!” என்று நடுரோட்டில் திரும்பிக் கத்தினார்.

“வைரக்கண்ணு வூடு.”

“முடியாது. அவ மருமவன் எம்மேல கேஸ் போட்டுருவான்.”

“அப்ப நடங்க சார்.”

இப்படி ஒரு வருஷம் போயிற்று. அமல்தாஸ் தனக்குக் கீழே ஏஜென்ட்டாகச் சேர்த்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். எப்படியாவது நிமிர வேண்டும் என்று, இரண்டாயிரத்து ஐந்து பிப்ரவரியில், பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, புது ஆள் சேர்க்கக் கூட்டம் போட்டார். கம்பெனி மேலிடத்து ஆள் ஒருவர் சென்னையிலிருந்து கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அறுபது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். ஷாலினியும் அன்று வந்தாள். விடுதியில் பொய் சொல்லிவிட்டு, திருச்சியிலிருந்து பஸ் ஏறி, கடைசி வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் விழுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

“கேள்வி இருந்தாக் கேளுங்க” என்றார் சென்னை ஆள்.

பஞ்சவர்ணம் எழுந்து முன்னால் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினாள். பாட்டிலைத் திறந்தாள். அந்த வாசனை முதல் வரிசைவரை வந்தது.

“சார், ஒரு சொட்டு.”

“இவங்க யாரு?” என்று சென்னை ஆள் கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார், மனசு சரியில்லாதவங்க” என்றார் அமல்தாஸ்.

“மனசு சரியில்லாதவதான். ஒரு சொட்டு விட்டுக் காட்டுனா எனக்குத் தெளிஞ்சிரும்” என்றாள்.

கூட்டத்தில் ஒருவன், “ஒரு சொட்டுதானே சார், விட்டுக் காட்டுங்களேன்!” என்றான். இன்னொருவன் கைதட்டினான். சென்னை ஆளும் திரும்பி, “விட்டுக் காட்டுங்க, முடிஞ்சுது” என்றார். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் படித்ததில்லை போலும்.

அமல்தாஸ் பாட்டிலை வாங்கினார். ரோஷம் வந்துவிட்டது. அண்ணாந்து, மூக்கில் விட்டுக்கொண்டார்.

முதலில் சிரிக்கப் பார்த்தார். அடுத்த கணம் கண் இரண்டிலும் தண்ணீர் கொட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். இருமல் வந்தது, நிற்காமல் வந்தது. மைக் கீழே விழுந்து வீறிட்டது. இருமலுக்கு நடுவே ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் எழவில்லை. யாரோ தண்ணீர் கொண்டு ஓடினார்கள். அதுவரை பஞ்சவர்ணம் கைகட்டி நின்று பார்த்தாள். அவர் மூச்சு ஒருவிதமாகத் திரும்பியதும் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள். ஆனால் கீழே கிடந்த மைக் அதை மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டது.

“உங்களுக்கு நாப்பது வயசு சார். அது இருவத்து மூணு நாள் புள்ளை. அதுக்கு இருமக்கூடத் தெரியல.”

கடைசி வரிசையில் ஷாலினி உள்ளங்கையில் நகம் பதியக் கையை மூடியிருந்தாள். அவளுக்கு இனித்தது. பஸ்ஸில் திரும்பும்போது அந்த இனிப்போடு வேறொன்றும் குரங்குக்குட்டிபோல அவளைக் கட்டிக்கொண்டு வந்தது.

பத்து நாள் கழித்து அமல்தாஸ் தானாகவே திருமானூர் போனார். பஞ்சவர்ணம் தெருமுனையில் நின்றாள். வைரக்கண்ணு வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்க்க, “மூக்குல விடச் சொன்னது நாந்தாங்க. பொய் சொல்லிட்டேன்” என்றார். சிவரஞ்சனியின் இடுப்பில் அந்தப் பிள்ளை இருந்தது. வயது ஒன்றுக்குமேல் ஆகிவிட்டது, இரண்டு பல் முளைத்திருந்தது. வைரக்கண்ணு பேத்தியைத் தன் இடுப்புக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்து, “தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றாள். பஞ்சவர்ணம் குடிக்கவில்லை. தஞ்சாவூரில் சொன்ன சொல்லை வைரக்கண்ணு திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையே! அதை அவள் தனிக்கணக்காக வைத்துக்கொண்டாள்.

அமல்தாஸ் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி டியூஷன் எடுக்கத் தொடங்கினார். பஞ்சவர்ணத்தை முதலில் ஒரு வீட்டிலும், பிறகு மூன்று வீட்டிலும் கூப்பிட்டார்கள். இப்போது யார் எந்தப் பாட்டிலை நீட்டினாலும் அவள் தொடுவதில்லை. மூக்கில், காதில் எண்ணெய் விடுவதையும் அடியோடு விட்டுவிட்டாள். “வழக்கமாச்சேம்மா” என்று முறையிட்ட கிழவிகளிடம், “வழக்கம் இல்லேன்னா அவன் சொன்னதும் நான் விட்டிருப்பனா?” என்று எரிந்து விழுந்தாள்.

இரண்டாயிரத்து ஆறில் ஷாலினிக்குக் கல்யாணம் நடந்தது. பஞ்சவர்ணம் வந்தாள், ஒரு சில்வர் குடம் வைத்தாள், சாப்பிட்டாள். வழக்கமாகக் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பவள் அன்று அதைச் செய்யவில்லை. கூட்டத்தில் மறந்திருப்பாள் என்று ஷாலினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுவருஷம் பிப்ரவரியில் ஷாலினி ஒன்பதாம் மாத வயிற்றோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். தண்ணி ஊற்றுவதற்குச் சொல்லி வைக்க லீலா மேரி ஆள் விட்டாள். பஞ்சவர்ணம் வந்தாள். அதே கூடம். லீலா மேரி காப்பி போட அடுப்படிக்குப் போனாள்.

பஞ்சவர்ணம் ஷாலினியின் காலருகே தரையில் உட்கார்ந்தாள். வீங்கியிருந்த பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து, பெருவிரலால் அழுத்தி நீவினாள். சுகமாக இருந்தது.

“திருமானூர்ல அன்னிக்குத் திரும்புறப்ப, அமல்தாஸ் சார் எங்கிட்ட மட்டும் இன்னொண்ணும் சொன்னாரு பாப்பா. யாருக்கும் நான் சொல்லல. ரெண்டு வருசமாச்சு.”

ஷாலினி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பிடி இறுகவில்லை, விடவும் இல்லை.

“‘நான் பொய் சொன்னேன். ஆனா அன்னிக்குப் பாட்டிலைக் கையில வச்சுப் படிச்சது வாத்தியார் மக. என்கிட்ட இங்கிலீஷ் படிச்ச புள்ளை. அதுக்குத் தெரியாதா?’ன்னாரு. எம்மேல இருக்கிற ஆத்திரத்துல சொல்றாருன்னு நெனச்சேன். அப்புறம் ரோசிச்சேன். எனக்காக இருநூறு தாள் எழுதுன. எனக்காக மண்டபத்துக்கு முக்காடு போட்டுக்கிட்டு வந்த. பாத்தேன். என்னைவிட உனக்கு என்ன அவ்வளவு ஆத்திரம் அவன்மேல?”

அடுப்படியில் பால் பொங்கி அணையும் சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம் தலை நிமிர்ந்து பார்த்தாள். மண்டபத்தில் அமல்தாஸைப் பார்த்த அதே பார்வை. கும்பிடு போடும் அதே குரல்.

“உன்னை இந்தக் காலுல போட்டு ஊத்துனவ நான். நீ பெத்துப்போடுற புள்ளையையும் ஊத்துவேன், ஒரு கொறையும் வராது. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், செய்யி. அந்தப் பொடி எழுத்தை நீ அன்னிக்கே படிச்சியா, இல்லியா? அம்மா காப்பி கொண்டாறதுக்குள்ள, எம்மூஞ்சியப் பாத்து, உன் வாயால சொல்லு.”